கழுவிக் கொண்டுவந்த பவளக் காளான்

சந்தையில் எல்லாரும் அவளை 'வேணாம் அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடும்போது மட்டும் வெளியே வரும். நகராட்சிச் சந்தையின் கோடியில், தண்ணீர்க் குழாயை ஒட்டி, அவளுக்கு ஒரு மேசை உண்டு. காட்டில் காளான் பறித்தவர்கள் அதை அடுப்பில் ஏற்றுமுன் அவளிடம் கூடையைக் காட்டிவிட்டுப் போவார்கள். அவள் ஒவ்வொன்றாக எடுப்பாள், குடையைத் திருப்பி அடிப்பக்கம் பார்ப்பாள், காம்பைக் கீறுவாள், மோந்து பார்ப்பாள். நல்லதெல்லாம் கூடைக்குத் திரும்பும். மற்றதெல்லாம் காலடியில் இருக்கும் வாளிக்குள் போகும், "வேணாம்" என்ற ஒரே சொல்லோடு.

ஒருமுறை வங்கி மேலாளர் ஒருவர் தன் கூடையில் பாதி வாளிக்குப் போவதைப் பார்த்து எகிறிக் குதித்தார். வாழ்நாள் பூராவும் இதைத்தான் சாப்பிட்டுவருகிறேன் என்று சத்தம் போட்டார். "வாழ்நாள் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கட்டும் சார். வேணாம்," என்றாள். பக்கத்துக் கடை வெங்காயக்காரர் இந்தக் கதையைக் கண் காது மூக்கு வைத்து இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அவள் ஒன்றும் பிறக்கும்போதே முகத்தை இறுக்கிக்கொண்டு பிறந்தவள் அல்ல. கணவர் லாரி ஓட்டினார். மகள் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு விபத்தில் போய்விட்டார். அதற்குப் பிறகு காளானை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையில் தரம் பிரிக்கும் வேலைக்குப் போனாள். அங்கே நின்று நின்று கண்ணும் கையும் பழகின. நகராட்சி வைத்த பயிற்சியில் சேர்ந்து, தேர்வில் தேறி, இந்த மேசைக்கு வந்தாள். பிள்ளையைத் தனியாக வளர்க்கிறவள் வீட்டில் பயமும் ஒரு ஆளாகக் குடியிருக்கும். அந்த ஆள் சொன்னதைத்தான் அவள் மகளிடம் திருப்பிச் சொன்னாள். பெரிய ரோட்டில் சைக்கிளா? வேணாம். தோழிகளோடு அருவிக்கா? வேணாம். மகள் ஒரு பையனைக் காட்டி இவரைக் கட்டிக்கொள்கிறேன் என்றபோதும் வாய் முந்திக்கொண்டது. பையனிடம் ஒரு குறையும் இல்லை. அவனுடைய அம்மாதான் கறார்ப் பேர்வழியாகத் தெரிந்தாள். கறாரில் நீ என்ன குறைச்சலா என்று இவளைக் கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

கல்யாணம் நடந்தது. ஆனால் அந்த 'வேணாம்' எப்படியோ சம்பந்தியம்மாவின் காதுக்குப் போய்விட்டது. அந்த அம்மாள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. வாங்க சம்பந்தி, உட்காருங்க சம்பந்தி, காபி சாப்பிடுங்க சம்பந்தி என்ற அளவில் பேச்சு நின்றுபோனது. மகளுக்கு முதல் கர்ப்பம் கலைந்தது. இரண்டாவது முறை தங்கி, இப்போது ஆறாம் மாதம். அலையக் கூடாது, வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாத எதையும் தொடக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மகள் புகுந்த வீட்டில் சம்பந்தியம்மாவின் கையில் இருந்தாள். இவள் நாள் தவறாமல் போனில் விசாரித்துவிட்டு, ராத்திரி முழுக்க வேறு ஏதேதோ நினைத்துப் புரண்டுகொண்டிருப்பாள்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு காலையில் சம்பந்தியம்மாவே கூடையோடு மேசைக்கு வந்து நின்றாள்.

வந்ததே அதிசயம். மருமகள் காளான் வேண்டும் என்று ஆசைப்பட்டாளாம். காலை நடைக்குப் போன இடத்தில் கண்ணில் பட்டதாம், பறித்துவிட்டேன், நீங்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டால் மதியமே செய்துவிடுவேன் என்றாள். கூடையில் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் பவளக் காளான். கடலில் இருக்கும் பவளம் மாதிரியே கிளை கிளையாகப் பிரியும். குடையும் இருக்காது, தனியாகக் காம்பும் இருக்காது. ஆனால் இது முழுசாக இல்லை. சம்பந்தியம்மா துடைப்பத்தைக்கூட அலசிக் காயவைக்கிற ரகம். இன்னொரு பெண் பார்க்கப்போகிற கூடை ஆயிற்றே என்று மண் ஒட்டிய அடியை வெட்டி எறிந்து, நுனிகளை நறுக்கிச் சீர்செய்து, குழாயில் கழுவித் துடைத்து அடுக்கிக் கொண்டுவந்திருந்தாள்.

மேசைக்குமேல் பலகை ஒன்று தொங்குகிறது: மண்ணோடு கொண்டு வரவும், கழுவியது பார்க்கப்பட மாட்டாது. அவளே எழுதச் சொல்லி மாட்டியது. கழுவிய கூடையை வேறு யார் நீட்டியிருந்தாலும் பேச்சே இல்லாமல் வாளிதான். பவளக் காளானில் இது இன்னும் முக்கியம். அதில் ஒரு வகை, உளுத்துப்போன மரக்கட்டையின் மேல் மட்டும் முளைக்கும். ஒவ்வொரு நுனியிலும் சின்னக் கிரீடம் இருக்கும். அதைச் சாப்பிடலாம். இன்னொரு வகை, அகன்ற இலை மரங்களுக்குக் கீழே, உதிர்ந்து மக்கிய இலைக்கு நடுவில், தரையிலிருந்து வரும். கிளை இளஞ்சிவப்பு, நுனி மஞ்சள். அது உயிரை எடுக்காது, ஆனால் குடலைப் பிழிந்துவிடும். வயசானால் இரண்டு நிறமும் மங்கிப்போவதால் நிறத்தை மட்டும் நம்ப முடியாது. அடியைப் பார்க்க வேண்டும், நுனியைப் பார்க்க வேண்டும், எங்கே நின்றது என்று பறித்தவரைக் கேட்க வேண்டும். அடியும் இல்லை, நுனியும் இல்லை. கேள்வி ஒன்றுதான் மிச்சம்.

அந்தக் கேள்வி தொண்டைவரை வந்தது. சம்பந்தியம்மா முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு இவளைப் பார்த்து அவள் சிரிப்பது அதுதான் முதல் தடவை. கேட்டால் சந்தேகப்படுவதாக நினைப்பாள். பலகையைக் காட்டினால் முகத்தில் அடித்த மாதிரி ஆகும். ஒரு தடவை அவர்கள் குடும்பத்தையே வேணாம் என்று சொன்னவள், இப்போது கூடையையும் சொல்ல வேண்டுமா? ஒரு துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். வெளிர் மஞ்சளாகத் தெரிந்தது, கட்டையில் முளைக்கும் வகையின் நிறம்தான். மோந்து பார்த்தாள். கழுவிய காளானில் சோப்புத் துணி வாசம்தான் வந்தது. "எடுத்துட்டுப் போங்க சம்பந்தி, நல்லதுதான்," என்றாள். சொல்லும்போது மனசுக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மதியம் சாப்பாட்டுக்கு எழுந்தாள். பார்த்த ஒவ்வொரு கூடையிலிருந்தும் ஒரு துணுக்கை எடுத்துச் சின்னத் தகர டப்பாவில் போட்டுவைப்பது அவளுடைய பழக்கம். கை கழுவக் குழாயடிக்குப் போனவள் டப்பாவுக்குள் ஈரம் கோத்திருக்குமோ என்று அதையும் திறந்தாள். வெயில் நேராக உள்ளே விழுந்தது. பவளத் துணுக்கு இளஞ்சிவப்பாக இருந்தது. கத்தி தப்பவிட்ட ஒரு குட்டிக் கிளையின் நுனி பளிச்சென்று மஞ்சளாக இருந்தது. கிரீடம் இல்லை. கிளை பிரியும் கவட்டில் மக்கிய இலையின் ஒரு நரம்பும் இரண்டு மண் துகளும் சிக்கியிருந்தன. மரத்தூளின் சுவடே இல்லை.

ஒரு கணம் அவளுக்குப் புரியவில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தாள். அங்கே அதே துணுக்கு வெளிர் மஞ்சள். மறுபடி வெயிலுக்குப் போனாள், இளஞ்சிவப்பு. அண்ணாந்து பார்த்தாள். மழை ஒழுகுகிறது என்று முந்தின நாள் சாயங்காலம்தான் ஆட்கள் வந்து மேசைக்குமேல் மஞ்சள் பிளாஸ்டிக் தகடு போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். சந்தைக்கே மஞ்சள் காமாலை வந்த மாதிரி இருக்கிறதே என்று காலையில் வெங்காயக்காரரிடம் அவளே கிண்டலடித்திருந்தாள். கிண்டலடித்த வாயோடு அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து நிறம் பார்த்திருக்கிறாள்.

மகளுக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மதியத்தில் போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் படுக்கச் சொன்னதும் இவளேதான். சம்பந்தியம்மா போன் வைத்துக்கொள்வதில்லை. மருமகன் வேலை பார்க்கும் ஆலையில் போனை வாசலிலேயே வாங்கிவைத்துவிடுவார்கள். மறுபடி மகளுக்கு. மறுபடி. எண்ணை மாற்றி அழுத்தி வேறு யாருக்கோ போய், யாரோ ஹலோ என்றார்கள்.

கிளம்பப்போனவள் நின்றாள். காலையிலிருந்து அந்த மஞ்சளுக்குக் கீழே பார்த்தது சம்பந்தியின் கூடையை மட்டுமா? மற்றவை எல்லாம் குடையும் அடியும் பார்த்துப் பிரிக்கிற சாதாரண வகைகள், நிறத்தில் ஏமாற வழியில்லை. அப்படித்தான் நினைத்தாள். ஆனால் சம்பந்தி கூடையையும்தானே சரி என்று நினைத்தாள். சந்தை மேற்பார்வையாளரிடம் ஓடி, காலையில் தன்னிடம் காட்டிய காளானை யாரும் சமைக்க வேண்டாம், திரும்பக் கொண்டுவரச் சொல்லி ஒலிபெருக்கியில் சொல்லுங்கள் என்றாள். என்ன காரணம் சொல்வது என்று அவர் இழுத்தார். "நான் தப்பாப் பாத்துட்டேன்னு சொல்லுங்க," என்றாள். சந்தை வாசலைத் தாண்டும்போது அந்த வாசகம் கரகரவென்று தலைக்குமேல் ஒலித்தது. கடைக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வெட்கப்பட அவளுக்கு நேரம் இல்லை.

பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது. கர்ப்பத்தில் வயிறு அப்படி முறுக்கினால் கரு தாங்குமா? உடம்பில் தண்ணீர் வற்றினால் என்ன ஆகும்? முதல் தடவை மகள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தது கண்ணுக்குள் வந்து போக மறுத்தது. அன்றைக்கு யார்மேலும் தப்பு இல்லை என்று மருத்துவர் சொன்னார். இன்றைக்கு அப்படிச் சொல்ல முடியாது. ஊருக்கெல்லாம் வேணாம் என்று சொன்னவள், சொல்ல வேண்டிய ஒரே இடத்தில் வாயை மூடிக்கொண்டாள். ஒரு சிரிப்புக்காக. பக்கத்து இருக்கைக்காரர் உடம்பு சரியில்லையா அம்மா என்று கேட்டபோதுதான் தான் வாய்விட்டு முனகிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது.

வீட்டுக் கதவு தாழிடாமல் சாத்தியிருந்தது. உள்ளே சத்தம் இல்லை. நேரே சமையலறைக்குள் போனாள். அடுப்பில் வாணலி, அடியில் கொஞ்சம் கறி ஒட்டியிருந்தது. கழுவிக் கவிழ்த்த இடத்தில் இரண்டு தட்டுகள். படுக்கையறைக்கு ஓடினாள். மகள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். முகம் வெளுத்திருக்கிற மாதிரி இருந்தது. திரை போட்ட அறையில் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"காளான் சாப்பிட்டியா?"

மகள் திடுக்கிட்டு விழித்தாள். அம்மா எப்படி இங்கே என்று பார்த்தாள். "இல்லம்மா. அத்தை எனக்கு ரொட்டிதான் குடுத்தாங்க. காளான் நாளைக்குத் தரேன்னு சொல்லிட்டாங்க."

"ஒரு வாய்கூட?"

"வாசனை பார்க்கக்கூட விடல. ஏம்மா, என்ன ஆச்சு?"

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் இன்னொன்றும் கூட வந்தது: அப்படியென்றால் கறியைச் சாப்பிட்டது யார்? அப்போதுதான் குளியலறைப் பக்கம் குழாய்ச் சத்தம் காதில் விழுந்தது. அத்தை ரொம்ப நேரமாக உள்ளே இருக்கிறார்களோ என்று மகளும் எழுந்து உட்கார்ந்தாள்.

சம்பந்தியம்மா குளியலறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எப்போதும் கலையாத புடவை நனைந்து சுருண்டிருந்தது. உதடு வெளுத்து, நெற்றி முழுக்க வேர்வை. இவளைப் பார்த்ததும் அந்த நிலையிலும் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். ஏன் சம்பந்தி, அவளுக்குக் குடுக்காமல் நீங்கள் மட்டும் ஏன் சாப்பிட்டீர்கள் என்று இவள் கேட்டாள்.

"நீங்க பாத்து நல்லதுன்னு சொன்னீங்க, சரிதான். ஆனா புதுசா எது செஞ்சாலும் முதல்ல நான் ஒரு வேளை சாப்பிட்டுப் பாப்பேன். ஒண்ணும் ஆகலன்னா மறுநாள் அவளுக்கு. போன தடவை அவளுக்குக் கலைஞ்சதுல இருந்து அப்படித்தான்."

உண்மையைச் சொன்னால், கேட்டதும் இவளுக்கு முதலில் வந்தது கோபம். என் வார்த்தைக்கு இவ்வளவுதான் மதிப்பா என்று சுருக்கென்றது. என் வார்த்தையை நம்பாததால்தான் என் மகள் அந்த அறையில் நன்றாக உட்கார்ந்திருக்கிறாள் என்பது அடுத்த மூச்சில் உறைத்தது. அந்தக் கோபத்தை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது. எங்கே பறித்தீர்கள், கட்டையிலா தரையிலா என்று கேட்டாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பெரிய மரங்களுக்குக் கீழே, தரையில், இலையை விலக்கினால் கொத்துக் கொத்தாக இருந்தது என்று சம்பந்தியம்மா சொல்லிமுடிக்குமுன் மறுபடி வாந்தி வந்தது. இவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

குளிர்பெட்டியில் கொஞ்சம் சமைக்காத காளான் மீதி இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டு வாடகைக் காரில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஈரலைக் கெடுக்கிற வகையா என்றுதான் மருத்துவர் முதலில் கேட்டார். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். பொட்டலத்தை ஜன்னலோரம் கொண்டுபோய், கண்ணாடி வழியாக வேண்டாம் என்று கதவையும் திறந்து, நேர் வெளிச்சத்தில் ஒவ்வொரு துண்டாகப் பார்த்தாள். இளஞ்சிவப்புக் கிளை. அங்கங்கே தப்பிய மஞ்சள் நுனி. வெட்டுப்பட்ட இடம் பழுப்பேறியிருந்தது. கிள்ளி நாக்கில் வைத்துத் துப்பினாள், கசந்தது.

"தரையில முளைக்கிற பவளக் காளான், டாக்டர். வயித்தைத்தான் கெடுக்கும், ஈரலைத் தொடாது. ஆனா காலையில இதையே நல்லதுன்னு சொன்னவ நான். என் பேச்சை மட்டும் நம்பாதீங்க, ரத்தமும் எடுத்துப் பாருங்க."

எடுத்துப் பார்த்தார்கள். நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பயப்பட ஒன்றும் இல்லை, ராத்திரி இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லும்வரை அவள் உட்காரவே இல்லை. மகளை வெளியே நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். கட்டிலில் சம்பந்தியம்மா கண்ணைத் திறந்து, பக்கத்தில் வரச் சொல்லிக் கையால் காட்டினாள்.

"மருமககிட்ட, கூடையை உங்ககிட்ட காட்டவே இல்லன்னு சொல்லிட்டேன். என் முட்டாள்தனமாவே இருக்கட்டும். உங்க வேலைக்கு ஒண்ணும் வரக் கூடாது."

இவள் உடனே மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. சந்தையில் ஒலிபெருக்கியில் சொல்லியாகிவிட்டது, வேலை என்ன ஆகுமோ ஆகட்டும். ஆனால் மகளுக்குத் தெரியாமல் போகும் என்ற நினைப்பு ஒரு நிமிஷம் எவ்வளவு ஆறுதலாக இருந்தது. சம்பந்தியின் கையில் ஊசி குத்தாத பக்கத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மன்னிப்பு என்ற சொல் வாயில் வரவில்லை. சம்பந்தியம்மா கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை.

சாயங்காலம் மருமகன் வந்து அம்மாவோடு இருந்துகொண்டான். இன்றைக்கு அவளுக்கு என்ன கொடுப்பது என்பதை நீங்கள் பாருங்கள் சம்பந்தி, என்னால் முடியாது என்று கட்டிலிலிருந்தே சொல்லி அனுப்பினாள் அந்த அம்மாள். இவளும் மகளும் வீட்டுக்கு வந்தார்கள். வாணலியை மூன்று முறை தேய்த்துக் கழுவிவிட்டு, மகளை எதிரே உட்காரவைத்து இவள் சொன்னாள்.

"உங்க அத்தை சொன்னது பொய். கூடையை எங்கிட்ட காட்டினாங்க. நல்லதுன்னு சொன்னது நான்தான்."

மகள் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு மேசையையே பார்த்தாள். அழுதுவிடுவாள் என்று இவள் பயந்தாள். கத்துவாள் என்று பயந்தாள். மகள் இரண்டும் செய்யவில்லை. "எனக்குப் பசிக்குதும்மா," என்றாள்.

இவள் எழுந்து முட்டை உடைத்து ஊற்றினாள். உப்புப் போட்டாள், ரொட்டியைச் சூடுகாட்டினாள். தட்டை மகளுக்கு முன்னால் வைத்தவள், வைத்த கையை எடுக்கவில்லை. முட்டையில் ஒரு ஓரத்தைக் கரண்டியால் வெட்டித் தன் வாயில் போட்டு மென்று விழுங்கினாள். தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"வெறும் முட்டைதானேம்மா," என்றாள் மகள்.

"கொஞ்சம் இரு," என்றாள் அவள். மகள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள்.